எர்னெஸ்ட் சாட்டோ

சர் எர்னெஸ்ட் மேசன் சாட்டோ (ஜூன் 30, 1843 – ஆகஸ்ட் 26, 1929) பிரித்தானிய இராஜதந்திரியும், ஜப்பானிய மொழி, வரலாறு, சமயம் ஆகியவற்றை ஆராய்ந்த அறிஞரும் ஆவார். 1862 ஆம் ஆண்டில் தமது பத்தொன்பதாவது வயதில் மாணவ மொழிபெயர்ப்பாளராக ஜப்பான் சென்ற இவர், பாடநூல்களும் அகராதிகளும் ஏறத்தாழ இல்லாத காலத்தில் அந்நாட்டு மொழியைப் பேசவும், பேச்சைவிடக் கடினமான அதன் எழுத்து நடையைப் படிக்கவும் எழுதவும் கற்றார். தோக்குகவா ஷோகுன்களின் ஆட்சி வீழ்ந்து 1868 இல் பேரரசரின் ஆட்சி மீள நிறுவப்பட்ட காலத்தில், பிரித்தானியத் தூதரகம் ஜப்பானிய அரசியலைப் புரிந்துகொண்டதில் இவருடைய மொழியறிவுக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் சியாம், உருகுவே, மொரோக்கோ, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் பிரித்தானியாவின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். டபிள்யூ. ஜி. ஆஸ்டன், பேசில் ஹால் சேம்பர்லின் ஆகியோருடன், ஆங்கிலத்தில் ஜப்பானியவியலுக்கு அடித்தளமிட்ட மூவருள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமைக் காலம்

சாட்டோ இலண்டன் மாநகரின் கிளாப்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் டேவிட் கிறிஸ்டோஃப் சாட்டோ, பால்ட்டிக் கடற்கரையிலுள்ள விஸ்மார் நகரிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர். ஜெர்மன் மொழி பேசப்படும் அந்நகரம் அவர் பிறந்த காலத்தில் சுவீடனின் ஆட்சியில் இருந்தது. தாய் மார்கரெட் மேசன் ஆங்கிலேயர். சாட்டோ மில் ஹில் பள்ளியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார்.

இவரது குடும்பப் பெயர் ஜப்பானில் மிகப் பரவலாக வழங்கும் சாத்தோ என்னும் குடும்பப் பெயரை ஒத்து ஒலிப்பது தற்செயலானது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. எனினும் ஜப்பானியருக்கு இப்பெயர் எளிதில் வாயில் நுழைந்தது. இவரும் அதனை விரும்பி ஏற்றுக்கொண்டு, தம் பெயரைச் சீன எழுத்துகளில் சாத்தோ என்றே எழுதினார். சாத்தோ ஐனோசுக்கே என்ற முழு ஜப்பானியப் பெயரையும் பயன்படுத்தினார்.

ஜப்பான் மீதான ஆர்வம் ஒரு நூலால் ஏற்பட்டது. எல்ஜின் பிரபு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் தலைமையேற்றுச் சென்ற தூதுக்குழுவைப் பற்றி லாரன்ஸ் ஒலிஃபண்ட் எழுதி 1859 இல் வெளிவந்த நூலை, சாட்டோவின் அண்ணன் ஒரு வாடகை நூலகத்திலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தார். அதைப் படித்த சாட்டோவுக்கு ஜப்பானைத் தவிர வேறு நினைவு இல்லாமல் போயிற்று. சில காலத்தில் கிழக்காசியாவுக்கு மாணவ மொழிபெயர்ப்பாளர்கள் தேவை என்ற அறிவித்தல் கல்லூரியில் வெளியானது. 1861 இல் நடந்த தேர்வில் முதலிடம் பெற்ற இவர், விரும்பிய நாட்டைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கொண்டு ஜப்பானைத் தெரிவுசெய்தார்.

மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டதன் பின்னணி

பிரித்தானிய அரசு இத்தகைய இளைஞர்களைத் தேடியதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே நாகசாக்கியில் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்தமையால், ஜப்பானிய அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்த ஐரோப்பிய மொழி டச்சு மொழியாகவே இருந்தது. எனவே ஆங்கிலேயர் கூறுவது முதலில் டச்சுக்கும், பின்னர் ஜப்பானிய மொழிக்கும் பெயர்க்கப்பட்டது. மறுமொழியும் இதே இரட்டை வழியில் திரும்பி வந்தது. 1858 ஆகஸ்ட் மாதத்தில் கையெழுத்தான பிரித்தானிய – ஜப்பானிய ஒப்பந்தம், பிரித்தானியப் பிரதிநிதிகள் அனுப்பும் அதிகாரப்பூர்வமான கடிதங்கள் ஆங்கிலத்திலேயே அமையும் என்றும், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் அவற்றுடன் டச்சு அல்லது ஜப்பானிய மொழிபெயர்ப்பு இணைக்கப்படும் என்றும் கூறியது. அந்த ஐந்து ஆண்டுத் தவணை 1863 இல் முடிவடைய இருந்தது. தூதரகத்திலோ ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆங்கிலேயர் எவரும் இல்லை.

பீக்கிங்கில் சில மாதங்கள்

1861 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சாட்டோ நேராக ஜப்பானுக்கு அனுப்பப்படவில்லை. ஜப்பானிய மொழி சீன எழுத்துகளைப் பயன்படுத்துவதால், முதலில் சீனம் கற்பதே முறை என்று மேலதிகாரிகள் எண்ணினர். இதனால் 1862 தொடக்கத்தில் ஷங்காய் வந்து சேர்ந்து, அங்கிருந்து பீக்கிங் சென்று சில மாதங்கள் சீனம் பயின்றார்.

இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்த விதம் சுவையானது. ஜப்பானிய அமைச்சர்கள் அனுப்பிய கடிதம் ஒன்றின் மூலம் பீக்கிங்குக்கு வந்தது. அங்கிருந்த சீன ஆசிரியர்கள் பலர் அதைப் பார்த்தும் ஒருவராலும் அதன் பொருளை அறிய முடியவில்லை. எழுத்துகள் சீன எழுத்துகளாயினும், அவற்றைக் கோத்திருக்கும் இலக்கணம் வேறு என்பது இதனால் வெளிப்பட்டது. சீனம் அறிந்தால் ஜப்பானிய மொழி தானே வரும் என்ற கருத்து கைவிடப்பட்டு, மாணவர்கள் உடனே ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர். சாட்டோ 1862 செப்டம்பர் 8 அன்று யோக்கோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். ஆயினும் சீனம் கற்ற மாதங்கள் முற்றிலும் வீண் என்று சொல்வதற்கில்லை. அக்காலத்தில் பெற்ற எழுத்தறிவு இவருக்குப் பின்னர் உதவியது.

இவர் வந்து ஆறாம் நாள், யோக்கோஹாமாவுக்கு அருகிலுள்ள நமாமுகி என்னும் ஊரில், சாட்சுமா நிலக்கிழாருடைய தந்தையின் பரிவாரத்தை எதிர்கொண்ட சார்ல்ஸ் லெனொக்ஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில வணிகர் சாமுராய்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நியரை நாட்டைவிட்டுத் துரத்த வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. தலைநகராகிய எடோவில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த பிரித்தானியத் தூதரகக் கட்டடமும் 1863 இன் தொடக்கத்தில் சோஷூ பகுதியைச் சேர்ந்த இளைஞர்களால் எரிக்கப்பட்டது.

யோக்கோஹாமாவில் மொழிக்கல்வி

யோக்கோஹாமாவில் குடியிருந்த வெளிநாட்டு வணிகர்கள் முறையாக ஜப்பானிய மொழியைக் கற்க முயலவில்லை. நீ, இருக்கிறது என்பன போன்ற ஒரு சில ஜப்பானியச் சொற்களுடன், போ, உடைந்தது என்னும் பொருள் தரும் மலாய்ச் சொற்களையும் கலந்து ஒரு கடைத்தெரு மொழியை உருவாக்கியிருந்தனர். பட்டும் தேயிலையும் வாங்க அது போதுமானதாக இருந்தது. அரசாங்கத்துடன் பேச அது உதவாது. யாரிடம் எந்த மரியாதைச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதே உறவுகளைத் தீர்மானிக்கும் ஒரு மொழியில், அத்தகைய பேச்சு கேட்போருக்கு அவமதிப்பாகவும் தோன்றியது.

முறையாகக் கற்க விரும்பியவருக்கு வழிகாட்டும் நூல்கள் மிகச் சிலவே. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி ஜொவாவோ ரொட்ரிகேஸ் எழுதிய இலக்கணத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, டச்சு மொழியில் வெளிவந்த ஓர் இலக்கணம், பத்தேவியாவில் 1830 இல் அச்சான ஒரு சொற்பட்டியல் முதலியவை இருந்தன. ஆயினும் இவற்றின் படிகள் ஜப்பானில் கிடைப்பதே அரிது. ஜே. சி. ஹெப்பர்னின் புகழ்பெற்ற ஜப்பானிய – ஆங்கில அகராதி 1867 இல்தான் வெளிவந்தது. அதாவது, சாட்டோ மொழியைக் கற்று முடித்த பின்னரே நல்ல அகராதி ஒன்று கிடைத்தது.

முதல் தடை தூதரகத்துக்குள்ளேயே இருந்தது. பொறுப்புத் தூதராக இருந்த கர்னல் நீல், மாணவ மொழிபெயர்ப்பாளர்கள் அலுவலகத்தில் கடிதங்களைப் படியெடுக்க வேண்டும் என எதிர்பார்த்தார். சாட்டோவும் அவருடன் வந்த ரஸல் ராபர்ட்சனும் இதற்கு உடன்படவில்லை. தாங்கள் மொழி கற்கவே அனுப்பப்பட்டதாக வலியுறுத்தி, காலைப் பொழுதைப் படிப்புக்கு ஒதுக்கிக்கொள்ளும் அனுமதியை இறுதியில் பெற்றனர். அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் ராபின்ஸ் பிரவுனிடம் வாரம் இரண்டு பாடங்களும், ஒரு ஜப்பானிய ஆசிரியரும் அரசுச் செலவில் கிடைத்தனர். இரண்டாவது ஜப்பானிய ஆசிரியருக்குச் சாட்டோ தம் சொந்தப் பணத்தில் ஊதியம் கொடுத்தார்.

பிரவுன் அப்போது பேச்சு ஜப்பானிய மொழிக்கான உரையாடல் நூல் ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். 1863 இல் ஷங்காயில் வெளிவந்த அந்நூலின் அச்சுத்தாள்களையே மாணவர்கள் பாடமாகப் படித்தனர். பொதுமக்களுக்கான அறவுரைகளின் தொகுப்பாகிய கியூவோ தோவா என்ற ஜப்பானிய நூலையும் அவருடன் சேர்ந்து படித்தனர். ஜப்பானிய ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தம் மொழியின் இலக்கணத்தை அயலாருக்கு விளக்கும் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. ஒரு சொல்லின் பொருளைக் கேட்டால் மற்றொரு ஜப்பானியச் சொல்லே விடையாக வரும். இந்நிலையில் மாணவர் தாமே விதிகளை ஊகித்து அறிய வேண்டியிருந்தது.

பேச்சைவிடப் பெரிய சிக்கல் எழுத்து. அரசு ஆவணங்களும் கடிதங்களும் சோரோபுன் எனப்படும் தனி நடையில் எழுதப்பட்டன. தமிழில் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளியைவிட இது பெரிது. வினைமுடிபுகள் வேறு, சொற்களின் வரிசை சில இடங்களில் சீன முறையைப் பின்பற்றி முன்பின்னாக இருக்கும், போதாக்குறைக்கு அனைத்தும் தூரிகையால் தொடுத்து எழுதும் ஓட்டெழுத்தில் அமைந்திருக்கும். அச்செழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இதனைப் படித்துவிட முடியாது.

இதற்குச் சாட்டோவுக்கு வழிகாட்டியவர் கீ மாநிலமான வாக்காயாமாவைச் சேர்ந்த மருத்துவர் தக்காவோக்கா கனாமே. அவர் சிறு கடிதம் ஒன்றை ஓட்டெழுத்தில் எழுதுவார். அதனையே தெளிவான சதுர எழுத்திலும் படியெடுத்து, பொருளை விளக்குவார். சாட்டோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பார். இடைப்பட்ட நாட்களில் இரண்டு எழுத்து வடிவங்களையும் மாற்றி மாற்றிப் படிப்பார். பின்னர் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் கையில் எடுத்து, நினைவிலிருந்து மீண்டும் ஜப்பானிய மொழியில் எழுதி, மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். இம்முறையில் பல மாதங்கள் பயின்றதன் பயனாக, ஒரு கடிதத்தின் வாய்பாடுகள் அனைத்தும் இவருக்கு மனப்பாடமாயின. இத்துடன் தூரிகை எழுத்துக் கலையையும் தனி ஆசிரியரிடம் கற்றார். ஓட்டெழுத்தைத் தாமே எழுதப் பழகிய பிறகுதான், பிறர் எழுதியதை விரைந்து படிக்கும் ஆற்றல் இவருக்குக் கைவந்தது.

போர்க்கப்பல்களில் மொழிபெயர்ப்பாளர்

ரிச்சர்ட்சன் கொலைக்கு இழப்பீடு கோரி 1863 ஆகஸ்ட் மாதத்தில் பிரித்தானியக் கடற்படை சாட்சுமாவின் தலைநகராகிய ககோஷிமாவைத் தாக்கியபோது, சாட்டோ தம் நண்பரான மருத்துவர் வில்லியம் வில்லிஸுடன் ஆர்கஸ் என்னும் கப்பலில் இருந்தார். நகரின் ஒரு பகுதி தீக்கிரையானது.

அடுத்த ஆண்டு சோஷூ நிலக்கிழார் ஷிமொனோசெகி நீரிணையை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அடைத்தமை தொடர்பில், இவரது மொழியறிவு முதன்முறையாகப் பெரிய அளவில் பயன்பட்டது. இலண்டனில் இரகசியமாகப் படித்துக்கொண்டிருந்த சோஷூ இளைஞர்களான இட்டோ ஷுன்சுக்கே (பின்னாளைய இட்டோ ஹிரோபூமி), இனோவே கவோரு ஆகிய இருவரும் போரைத் தவிர்க்கும் எண்ணத்துடன் நாடு திரும்பினர். அவர்களைத் தம் நிலக்கிழாரிடம் அனுப்பிவைக்கப் பிரித்தானியக் கப்பல் ஒன்று சென்றது. அதில் உடன் சென்ற சாட்டோ, நிலக்கிழாருக்கான குறிப்பாவணத்தைத் தம் ஆசிரியர் ஒருவரின் துணையுடன் ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். முயற்சி பலிக்கவில்லை. 1864 செப்டம்பரில் நான்கு நாடுகளின் கப்பல்கள் ஷிமொனோசெகியைத் தாக்கின. அதன்பின் நடந்த சமாதானப் பேச்சில் அட்மிரல் கூப்பருக்குச் சாட்டோவே மொழிபெயர்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

தோற்ற தரப்பினருடன் ஏற்பட்ட இப்பழக்கம் நட்பாக வளர்ந்தது. இட்டோவுடனும் இனோவேயுடனும் சாட்டோ கடிதத் தொடர்பு வைத்திருந்தார். எடோவில் பிரித்தானியத் தூதரகக் கட்டடத்தை எரித்தவர்களுள் இவ்விருவரும் அடங்குவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கில நாட்டுக் கொள்கை

1865 இல் சர் ஹாரி பார்க்ஸ் புதிய தூதராக வந்தார். அதே ஆண்டில் சாட்டோ மொழிபெயர்ப்பாளராகப் பதவி உயர்வு பெற்றார். நிலக்கிழார்களின் பணியாளர்களுடன் டச்சு மொழியின் இடையீடின்றி நேரடியாகப் பேசியதிலிருந்தும், அவர்களிடையே சுற்றிவந்த ஆவணங்களைப் படித்ததிலிருந்தும் இவருக்கு ஓர் உண்மை விளங்கியது. வெளிநாட்டு அரசுகள் ஜப்பானின் மன்னராகக் கருதி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த ஷோகுன், ஜப்பானியரின் பார்வையில் மன்னர் அல்லர். கியோத்தோவிலிருந்த பேரரசரின் பெயரால் ஆட்சி செய்யும் முதன்மை நிலக்கிழார் மட்டுமே. ஒப்பந்தங்களில் வழங்கிய பட்டப்பெயர்களின் பொருளை ஆராய்ந்ததிலும் இதுவே தெளிவானது. இதன் விளைவாக, மொழிபெயர்ப்புகளில் இங்கிலாந்து அரசியைப் பேரரசருக்கு நிகரான சொல்லாலும், ஷோகுனை அதற்கு ஒருபடி தாழ்ந்த சொல்லாலும் குறிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது.

1866 மார்ச் முதல் மே வரை யோக்கோஹாமாவில் வெளிவந்த ஜப்பான் டைம்ஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் சாட்டோ பெயர் குறிப்பிடாமல் மூன்று கட்டுரைகள் எழுதினார். ஷோகுனுடன் மட்டும் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லத்தக்கதன்று. பேரரசரும் நிலக்கிழார்களும் சேர்ந்த கூட்டமைப்புடன் புதிய ஒப்பந்தம் செய்யவேண்டும் என்பதே அவற்றின் சாரம். ஆவா மாநில நிலக்கிழாரின் பணியாளரும் சாட்டோவின் ஆசிரியருமான நுமாட்டா தோராசபுரோவின் உதவியுடன் இக்கட்டுரைகள் ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டன. அந்த நிலக்கிழார் படிப்பதற்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு கைப்படிகளாகப் பரவி, பின்னர் எய்கொக்கு சக்குரோன், அதாவது ஆங்கில நாட்டுக் கொள்கை என்ற தலைப்பில் அச்சாகி, ஒசாக்காவிலும் கியோத்தோவிலும் கடைகளில் விற்கப்பட்டது.

இளநிலை அலுவலர் ஒருவரின் சொந்தக் கருத்து, தலைப்பின் காரணமாகப் பிரித்தானிய அரசின் கொள்கையாகவே ஜப்பானில் கொள்ளப்பட்டது. ஷோகுனுக்கு எதிரான அணியினர் இதனால் ஊக்கமடைந்தனர். ஷோகுனின் அலுவலர்கள் ஐயுற்றனர். பிரித்தானிய அரசின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடோ நடுநிலைமை. இச்செயல் பணி விதிகளுக்கு முரணானது என்பதைச் சாட்டோவே பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில் ஏற்றுக்கொண்டுள்ளார். தம் தலைவர் பார்க்ஸின் காதுக்கு இது எட்டவில்லை என்றே அவர் நம்பினார். வெளிநாட்டு மொழி ஒன்றைக் கற்ற ஓர் அலுவலர், தமக்கு அம்மொழியைக் கற்பித்தவரின் துணையுடன் அந்நாட்டின் உள்நாட்டுப் பூசலில் தலையிட்டார் என்று கூறுவது மிகையாகாது. 1868 இன் மாற்றத்தில் இச்சிறு நூலின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அம்மாற்றத்தின் வேர்கள் சாட்சுமாவிலும் சோஷூவிலும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

ஆட்சி மாற்றக் காலம்

1866 முதல் 1868 வரை சாட்டோ, சக அலுவலரான அல்ஜர்னன் மிட்ஃபோர்டுடனும் தனியாகவும் ஜப்பானின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்தார். சாட்சுமாவின் தலைவர் சைகோ தக்கமோரியுடனும், எதிர்த்தரப்பில் ஷோகுனின் கடற்படைத் தலைவர் கட்சு கைஷூவுடனும் இவருக்கு நேரடிப் பழக்கம் இருந்தது. 1867 இல் ஓவியர் சார்ல்ஸ் வேர்க்மனுடன் ஒசாக்காவிலிருந்து எடோவுக்குத் தரைவழியே சென்றபோது, கக்கேகவா என்னும் ஊர் விடுதியில் இரவில் வாளேந்திய சிலரால் தாக்கப்பட்டார். ஐசு மாநிலத்தைச் சேர்ந்த பணியாளர் நொகுச்சி தொமிசோ முன்னின்று அவர்களைக் காத்தார். நொகுச்சி 1869 இல் சாட்டோவுடன் இங்கிலாந்துக்கும் சென்றார்.

1868 தொடக்கத்தில் கோபே நகரில் வெளிநாட்டவர் மீது சுடுமாறு ஆணையிட்ட தக்கி சென்சபுரோ என்ற அலுவலர் வயிற்றைக் கிழித்து உயிர்விடுமாறு தண்டிக்கப்பட்டபோது, அதற்குச் சாட்சியாக அழைக்கப்பட்ட ஏழு வெளிநாட்டவருள் சாட்டோவும் மிட்ஃபோர்டும் இருந்தனர்.

அதே ஆண்டு மார்ச் 23 அன்று பார்க்ஸ் பேரரசரைக் காண அணிவகுத்துச் சென்ற வழியில் இரு வாள் வீரர்கள் பாய்ந்து பலரை வெட்டினர். உடன் சென்ற சாட்டோ காயமின்றித் தப்பினார். மூன்று நாட்களுக்குப் பின் நடந்த சந்திப்பில் பார்க்ஸுடன் மிட்ஃபோர்டு மட்டுமே அனுமதிக்கப்பட்டார். தம் சொந்த நாட்டு அரசவையில் முறைப்படி அறிமுகம் செய்யப்படாத ஒருவரை அயல்நாட்டு அரசவையில் அறிமுகம் செய்ய இயலாது என்பது மரபு. இதனால், பேரரசரே நாட்டின் மன்னர் என்று எழுதிய சாட்டோ அன்று வெளியே நின்றார். மே மாதம் ஒசாக்காவில் பார்க்ஸ் நம்பிக்கைப் பத்திரம் அளித்தபோது இவருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியது.

ஆய்வுகளும் நூல்களும்

1870 இல் விடுப்பு முடிந்து திரும்பிய சாட்டோ, தூதரகத்தின் ஜப்பானியச் செயலாளராக 1880களின் தொடக்கம் வரை டோக்கியோவில் பணியாற்றினார். தாம் நூலின்றிப் பட்ட இடர் பின்வருவோருக்கு நேராதிருக்க எண்ணியவர் போல, முதலில் பாடநூல்களையே எழுதினார். எடோ நகரப் பேச்சு வழக்கில் இருபத்தைந்து பயிற்சிகள் கொண்ட குவைவா ஹென் 1873 இல் வெளிவந்தது. டச்சு மொழிபெயர்ப்பாளர் மரபில் வந்த இஷிபாஷி மசகத்தாவுடன் சேர்ந்து தொகுத்த, பேச்சு ஜப்பானிய மொழிக்கான ஆங்கில – ஜப்பானிய அகராதி 1876 இல் வெளியானது. இது பலமுறை திருத்தி அச்சிடப்பட்டது.

1872 இல் தொடங்கப்பட்ட ஜப்பான் ஆசியக் கழகத்தின் இதழில் இசே கோயில்கள், ஷிந்தோ சமய மறுமலர்ச்சி, நொரித்தோ எனப்படும் பழைய வழிபாட்டு உரைகள் ஆகியவை பற்றி இவர் எழுதிய கட்டுரைகள், ஷிந்தோ பற்றி மூல நூல்களைக் கொண்டு மேலை மொழியில் எழுதப்பட்ட முதல் ஆய்வுகளுள் சேரும். ஏ. ஜி. எஸ். ஹாஸுடன் இணைந்து எழுதிய பயணக் கையேடு 1881 இல் வந்தது.

பழைய ஜப்பானிய நூல்களைத் தேடிச் சேர்ப்பதிலும் இவர் ஈடுபட்டார். அரசு மாற்றத்துக்குப் பின் பழைய நூல்கள் மதிப்பிழந்து மலிவாகக் கிடைத்த காலம் அது. இவரது தொகுப்பின் ஒரு பகுதி பிரித்தானிய அருங்காட்சியகத்தையும், மற்றொரு பகுதி ஆஸ்டன் வழியாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தையும் சென்றடைந்தது. 1591 முதல் 1610 வரை ஜப்பானில் இயேசு சபையினர் அச்சிட்ட நூல்களைப் பற்றி இவர் எழுதிய விவர நூல் 1888 இல் வெளியானது. 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலை அச்சிட்டவர்களும் இதே சபையினரே. மாணவராக இருந்தபோது சாட்டோவின் தலைமுறையினர் நாடிய ரொட்ரிகேஸின் இலக்கணமும் இந்த மறைப்பணியின் விளைவேயாகும்.

பிற நாடுகளிலும் மீண்டும் ஜப்பானிலும்

1884 இல் பாங்காக் சென்ற சாட்டோ அங்குத் தாய் மொழியைக் கற்றார். சியாம் – ஜப்பான் இடையிலான பதினேழாம் நூற்றாண்டுத் தொடர்பு பற்றியும் எழுதினார். பின்னர் உருகுவேயிலும் (1889–1893) மொரோக்கோவிலும் (1893–1895) பணியாற்றினார். ஜப்பானிய மொழி எதற்கும் பயன்படாத இவ்வாண்டுகள் அவருக்கு உவப்பாக இருக்கவில்லை.

1895 இல் தூதராக ஜப்பான் திரும்பினார். அப்போது பிரதமர், முப்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் உடன் வந்த இட்டோ ஹிரோபூமி. வெளிநாட்டவர் ஜப்பானியச் சட்டத்துக்கு உட்படாத நிலையை நீக்கிய புதிய ஒப்பந்தம் 1899 இல் நடைமுறைக்கு வந்தபோது சாட்டோவே தூதர். டோக்கியோவில் தூதரகத்தின் முன் 1898 இல் இவர் செர்ரி மரங்களை நடச் செய்தார். நிக்கோ அருகே சூசென்ஜி ஏரிக்கரையில் 1896 இல் இவர் கட்டிய கோடை இல்லம் பிற்காலத்தில் பிரித்தானியத் தூதரகத்தின் விடுதியாகி, 2016 இல் நினைவுப் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

1900 முதல் 1906 வரை சீனாவில் தூதராக இருந்து, பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பிந்தைய 1901 உடன்படிக்கையில் பிரித்தானியாவின் சார்பில் கையெழுத்திட்டார்.

குடும்பம்

சாட்டோ சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1870களில் டோக்கியோவில் தக்கேடா கானே (1853–1932) என்னும் பெண்ணுடன் குடும்பம் நடத்தினார். பிரித்தானிய இராஜதந்திரி ஒருவர் ஜப்பானியப் பெண்ணை மணப்பது அக்காலப் பணிச்சூழலில் ஏற்கப்படவில்லை. குழந்தையிலேயே இறந்த ஒரு மகளைத் தவிர, எய்தாரோ (1880–1926), ஹிசயோஷி (1883–1972) என்னும் இரு மகன்கள் இவர்களுக்கு இருந்தனர். அவர்கள் தாயின் குடும்பப் பெயரையே கொண்டனர். இளைய மகன் பிறந்தபோது சாட்டோ ஜப்பானில் இல்லை. பாங்காக்கிலிருந்து விடுப்பில் வந்து குடும்பத்துக்கு டோக்கியோவில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்.

பிரிந்திருந்த ஆண்டுகள் சேர்ந்திருந்த ஆண்டுகளைவிடப் பல. எனவே இக்குடும்பம் பெரும்பாலும் கடிதங்களிலேயே வாழ்ந்தது எனலாம். கானேக்குச் சாட்டோ ஜப்பானிய மொழியில், அன்று மருத்துவர் தக்காவோக்காவிடம் கற்ற அதே தூரிகைக் கடித மரபில் எழுதினார். பணமும் தவறாமல் அனுப்பினார். 1906 இல் சீனாவிலிருந்து நாடு திரும்பிய பின் அவர் ஜப்பானுக்குச் செல்லவில்லை. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை.

எய்தாரோ அமெரிக்காவில் குடியேறி, தந்தைக்கு முன்பே இறந்தார். ஹிசயோஷி இங்கிலாந்தில் தாவரவியல் பயின்று, ஜப்பானின் மலைத் தாவரங்களை ஆராய்ந்து புகழ்பெற்றார். 1905 இல் ஜப்பானிய மலையேற்றச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், ஓசே சதுப்பு நிலத்தைப் பாதுகாக்க நெடுங்காலம் உழைத்தார்.

இறுதிக் காலம்

ஓய்வுபெற்ற சாட்டோ டெவன் மாவட்டத்தின் ஆட்டரி செயின்ட் மேரி என்ற சிற்றூரில் குடியேறினார். 1907 இல் இரண்டாவது ஹேக் மாநாட்டில் பிரித்தானியப் பேராளராகக் கலந்துகொண்டார். 1917 இல் வெளியிட்ட இராஜதந்திர நடைமுறை வழிகாட்டி அத்துறையின் அடிப்படை நூலாகிப் பல பதிப்புகள் கண்டது. 1862 முதல் 1869 வரையிலான தம் அனுபவங்களை நாட்குறிப்புகளின் துணையுடன் பாங்காக்கில் எழுதத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் போட்டிருந்து, 1921 இல் ஜப்பானில் ஓர் இராஜதந்திரி என்னும் நூலாக வெளியிட்டார். மொழி கற்ற கதை அதில் விரிவாக உள்ளது. 1869 உடன் நூல் முடிவதால் கானே அதில் இடம்பெறவில்லை. இந்நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு 1960 இல் இவானாமி வெளியீடாக வந்து பரவலாகப் படிக்கப்பட்டது. அவரது நாட்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு ஹகிவாரா நொபுதோஷி எழுதிய வரலாறு 1976 முதல் அசாஹி நாளிதழில் தொடராக வெளிவந்து, பதினான்கு தொகுதிகளாக நூலுருப் பெற்றது.

சாட்டோ 1929 ஆகஸ்ட் 26 அன்று ஆட்டரி செயின்ட் மேரியில் காலமாகி, அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கானே மூன்று ஆண்டுகளுக்குப் பின் இறந்தார். சாட்டோவின் நாட்குறிப்புகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தக்கேடா குடும்பத்தினர் பாதுகாத்துவந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் யோக்கோஹாமா வரலாற்று ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன.